மடவார் வளாகம் டு செண்பகத்தோப்பு: பால்கோவா ஊரில் ஒருநாள் நடைப்பயணம்... போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஸ்ரீவில்லிபுத்தூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பால்கோவா, ஆண்டாள் கோயில். அவ்வளவுதானே? பெரும்பாலானவங்க குற்றாலம் போற வழியில காரை நிறுத்தி, கோபுரத்துக்கு முன்னாடி ஒரு செல்ஃபி, அரை கிலோ பால்கோவா பார்சல்னு அரைமணி நேரத்துல கிளம்பிடுறாங்க. ஆனா, பஸ் ஸ்டாண்டுல நின்னு மேற்கே பார்த்தாலே நீலமா ஒரு மலைத்தொடர் தெரியும். அந்த மலையடிவாரம் வரைக்கும் கண்மாய், வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்புன்னு நடந்தே போயிட்டு வரலாம். ஒருநாள் போதும்.

பிரான்ஸ்ல அல்சாஸ்னு ஒரு பகுதி. அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவுல கிராமம் கிராமமா போற ‘வைன் ரூட்’ 1953-லேயே தொடங்கிட்டாங்க. இத்தாலியில சிங்க்வே தெர்ரேன்னு கடலோர மலைக்கிராமங்கள். படிப்படியா வெட்டின திராட்சைத் தோட்டங்களோட அந்த நிலப்பரப்பை 1997-ல யுனெஸ்கோ பாரம்பர்ய இடமா அறிவிச்சுது. ரெண்டு இடத்திலும் டூரிஸ்ட் செய்யுறது ஒண்ணுதான். நடக்குறது, அந்த மண்ணுல விளைஞ்சதை அங்கேயே ருசி பார்க்குறது.

நமக்கும் அப்படி ஒரு மலை இருக்கு. அந்தப் பக்கம் தேனி மாவட்டம். வருசநாட்டு மலையையும் மேகமலையையும் தாண்டினா கம்பம் பள்ளத்தாக்கு, பன்னீர் திராட்சை. இந்தப் பக்கம் மாம்பழம், தேங்காய், பால்கோவா. வைன் இல்லைங்குறதைத் தவிர வேறெதுவும் குறையாது மக்களே! ஆனா, நம்ம பாதையில அவங்களுக்கு இல்லாத ஒண்ணு உண்டு. யானை. அதனால இந்தக் கட்டுரையில எங்கே போகலாம்னு சொல்றதைவிட, எங்கே நின்னுடணும்னு சொல்றது முக்கியம்.

எப்படி வர்றது, எப்போ வர்றது?

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிச்சா அதிகாலையில ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கிடலாம். விருதுநகர் - தென்காசி ரயில் பாதையில இருக்குற ஊர் இது. மதுரையிலிருந்து சுமார் 75 கி.மீ., பஸ் வசதி தாராளம். ராஜபாளையம் இங்கிருந்து 12 கி.மீ-க்குள்ளதான்.

நடக்குறதுக்கு நல்ல சீஸன் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு கண்மாய்கள்ல தண்ணி கிடக்கும், காத்தும் சில்லுன்னு இருக்கும். மாம்பழத்துக்காக வர்றவங்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை. ஆனா, ஏப்ரல், மே வெயில் விருதுநகர் மாவட்டத்துல சும்மா விடாது. அந்த மாசங்கள்ல வந்தா காலையில 6 மணிக்கு நடையைத் தொடங்கி 10 மணிக்குள்ள முடிச்சுடுங்க. மாம்பழ சீஸன்தான் யானைகளும் தோப்புக்கு இறங்குற சீஸன். அதுக்கு அப்புறம் வர்றேன்.

மொத்த நடை சுமார் 10 கி.மீ. ஏத்தம் பெருசா இல்லை. நின்னு நிதானமா நடந்தா நாலு மணி நேரம். திரும்பி வர்றதுக்கு ஆட்டோ அல்லது பஸ்.

முதல் நிறுத்தம்: கோபுரமும் கிளியும்

காலை நடை திறந்ததும் ஆண்டாள் கோயிலைப் பார்த்துடுங்க. மதியம் நடை சாத்திட்டா சாயங்காலம்தான் திறப்பாங்க. 11 நிலை, 192 அடி உயர ராஜகோபுரம் இது. பன்னிரு ஆழ்வார்கள்ல பெரியாழ்வார், ஆண்டாள்னு ரெண்டு பேர் பிறந்த ஊர்.

கோயில்ல அவசியம் கவனிக்க வேண்டியது, ஆண்டாள் கையில இருக்குற கிளி. தினமும் புதுசா இலையாலும் பூவாலும் செய்யுறாங்க. உடம்புக்கு மரவள்ளி இலை, மூக்குக்கு மாதுளம்பூ. சாயங்காலம் சாத்தி, மறுநாள் வேற கிளி. இந்த ஒரு கிளிக்குப் பின்னாடி மரவள்ளிச் செடியும் மாதுளையும் வளர்க்குற ஒரு தோட்டம் இருக்கணும் இல்லையா? ஊருக்கும் தோட்டத்துக்கும் இருக்குற உறவு கோயில்லயே ஆரம்பிச்சுடுது.

ரெண்டாவது நிறுத்தம்: மடவார் வளாகம்

அங்கிருந்து மடவார் வளாகம் நடந்து போற தூரம்தான். ஊர்க்காரங்க ‘மடவார் விளாகம்’னும் சொல்வாங்க. மடவார்னா பெண்கள். இங்கே இருக்குறது வைத்தியநாத சுவாமி கோயில். அம்பாள் பேரு சிவகாமி. ஆண்டாள் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல பாதிகூட இங்கே வர்றதில்லை. அதனாலேயே உட்கார்ந்து மூச்சு வாங்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்தக் கோயிலோட தலக்கதை நம்ம நடைக்கு ரொம்பப் பொருத்தம். நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி. பிரசவத்துக்கு அம்மா வந்து சேரலை. தானே அம்மா வீட்டுக்கு நடந்து கிளம்புறா. வழியிலேயே வலி வந்துடுது. அப்போ ஈசனே அம்மா வேஷத்துல வந்து பிரசவம் பார்த்தார்ங்குறது நம்பிக்கை. திருச்சி தாயுமானவர் கதை மாதிரியே இருக்குல்ல? 1623-லிருந்து 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்கு இங்கேதான் வயித்து நோய் தீர்ந்ததுன்னும் ஒரு கதை உண்டு. வைத்தியநாதர்ங்குற பேருக்கு ஏத்த கதைகள். இன்னிக்கும் உடம்பு சரியில்லாதவங்களுக்காகவும், சுகப்பிரசவத்துக்காகவும் வேண்டிக்கிட்டு வர்றவங்களைப் பார்க்கலாம்.

கோயிலைவிட்டு வெளியே வந்ததும் ரெண்டு வேலை பண்ணிடுங்க. ஒண்ணு, தண்ணி பாட்டிலை நிரப்பிக்கோங்க. ஆளுக்கு 2 லிட்டராவது வேணும். இன்னொண்ணு, டீக்கடையில செண்பகத்தோப்புலருந்து திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. அடிக்கடி பஸ் கிடையாது. ஆட்டோ அண்ணன் யாருடைய நம்பரையாவது வாங்கி வச்சுக்கிட்டா நிம்மதி.

கண்மாய்க் கரையிலிருந்து தோப்பு வரை

ஊரைத் தாண்டினதும் மலையைப் பார்த்து மேற்கே நடை. முதல்ல வயலும் கண்மாயும். விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சாத்தூர், சிவகாசிப் பக்கம் கரிசல் காடு. ஆனா, மலையை ஒட்டின இந்த மேற்கு ஓரம் மட்டும் பச்சையா இருக்கும். காரணம், மலையிலிருந்து இறங்குற ஓடைகள். மழைக்காலத்துல ஓடை தண்ணி கண்மாய்க்கு வரும், ஒரு கண்மாய் நிரம்பினதும் மறுகால் பாய்ஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். கரையில நின்னு பார்த்தீங்கன்னா மடை எங்கே, மறுகால் எங்கேன்னு உங்களுக்கே பிடிபடும். டிசம்பர், ஜனவரியில வந்தா கொக்கு, நாரை, நீர்க்காகம்னு கண்மாயே களைகட்டும். பைனாகுலர் இருந்தா மறக்காம எடுத்துட்டு வாங்க.

அடுத்து தென்னந்தோப்பு. அதைத் தாண்டி மேலே போகப் போக மாந்தோப்பு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாம்பழத்துக்குன்னு தனி ரசிகர் கூட்டமே இருக்கு. ‘சப்பட்டை’ன்னு ஒரு ரகம். பேரைக் கேட்டு ஏமாந்துடாதீங்க. தட்டையா இருக்குறதாலதான் அந்தப் பேரு. ருசிக்கு இந்த ஊர்க்காரங்க அல்போன்சாவைக்கூடப் பக்கத்துல நிறுத்த மாட்டாங்க. ‘பஞ்சவர்ணம்’னு இன்னொரு ரகம். சீஸன்ல தோப்பு வாசல்லயே வியாபாரம் நடக்கும். கல் வச்சுப் பழுக்க வச்சதா, தானா பழுத்ததாங்குற சந்தேகமே இல்லாம வாங்க இதுதான் இடம். மரத்துல தொங்குறதை மட்டும் கைவைக்காதீங்க. தோப்புக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுத்து அனுமதி கேளுங்க. அது யாரோ ஒருத்தரோட ஒரு வருஷ வருமானம்.

“ஆனை எறங்கிருக்கு தாயி!”

நான் பண்ணின தப்பைச் சொல்லிடுறேன். முதல் தடவை போனப்போ போட்டோ எடுத்துட்டே நடந்ததுல சாயங்காலம் நாலரை மணி ஆகிடுச்சு. கூகுள் மேப்புல குறுக்கு வழி மாதிரி ஒரு ஒத்தையடிப் பாதை தெரிஞ்சுது. ஒரு மாந்தோப்பு ஓரமா திரும்பப் போனேன். கயித்துக் கட்டில்ல உட்கார்ந்திருந்த தோப்புக் காவக்காரத் தாத்தா ஒருத்தர் எழுந்து வந்து மறிச்சார்.

“எங்கிட்டுப் போற?”

“இப்படியே போனா ரோடு வந்துடும்ல தாத்தா?”

“வரும். ஆனா, நேத்து ராத்திரி ஆனை எறங்கிருக்கு தாயி. வந்த வழியே வெரசாப் போயிரு. பொழுது சாஞ்சா நாங்களே இந்தப் பக்கம் காலு வைக்க மாட்டோம்.”

கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போய் காட்டினார். ரெண்டு தென்னை மரம் சாய்ஞ்சு, குருத்து மட்டும் உரிச்சுத் தின்னப்பட்டுக் கிடந்தது. ஒரு மாமரத்துல கிளை பாதியா முறிஞ்சு தொங்குது. சேத்துல தாம்பாளம் அகலத்துக்குத் தடம். எனக்கு அப்பதான் கை நடுங்குச்சு. “பட்டாசு போட்டு விரட்ட மாட்டீங்களா தாத்தா?”ன்னு கேட்டேன். “போடுவோம். அது அடுத்த தோப்புக்குப் போகும். அவன் போட்டா இங்கிட்டு வரும்”னு சொல்லிட்டு, ரோடு வர்ற வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

மேப்புல இருக்குற எல்லாக் கோடும் நீங்க போற பாதை இல்லைங்குறதை அன்னிக்குத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

தோப்புக்காரங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. அஞ்சு, ஆறு வருஷம் வளர்த்த தென்னை ஒரே ராத்திரியில போயிடும். அதுக்காக நேரடியா மின்சாரம் பாய்ச்சின வேலி போட்டா யானை சாகும், சில நேரம் மனுஷங்களும் சாவாங்க. அது சட்டப்படி குற்றம். சூரிய சக்தி மின்வேலி போடுறதா இருந்தாலும் பதிவு செய்யணும்னு 2023-ல தமிழக அரசு விதிகள் கொண்டுவந்துச்சு. காட்டு ஓரம் வாழுறது நமக்கு ஒருநாள் அனுபவம். அவங்களுக்கு ஒவ்வொரு ராத்திரியும் காவல்.

செண்பகத்தோப்பு: இங்கே நின்னுடுங்க

தார் ரோடு கடைசியில செண்பகத்தோப்பு. வனத்துறை செக்போஸ்ட் இருக்கு. நம்ம நடையோட எல்லை இதுதான்.

இதுக்கு மேல இருக்குறது சாதாரண காடு இல்லை. 1988 டிசம்பர்ல சாம்பல் நிற அணில்கள் சரணாலயமா அறிவிச்சாங்க. பரப்பளவு சுமார் 485 சதுர கி.மீ. 2021 பிப்ரவரியில இதையும் மேகமலை சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவாச்சு. தமிழ்நாட்டுக்கு 5-வது, இந்தியாவுக்கு 51-வது. மொத்தம் 1,016 சதுர கி.மீ-க்கு மேல. உள்ளே பளியர் பழங்குடி மக்களோட வாழ்க்கை, ராக்காச்சி அம்மன் கோயில், காட்டழகர் கோயில், மீன்வெட்டிப் பாறை அருவின்னு நிறைய இருக்கு. ஆனா, வனத்துறை அனுமதி இல்லாம எதுக்கும் போக முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாம சரணாலயத்துக்குள்ள நுழையுறது குற்றம். “அருவி ஓப்பனா அண்ணே?”ன்னு செக்போஸ்ட்ல கேளுங்க. “இல்லை”ன்னா இல்லைதான். பக்கவாட்டுல ஓடை வழியா போலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததில்லை. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மலையேறப் போனவங்க 23 பேர் உயிரிழந்தாங்க. அதுக்கப்புறம்தான் அந்த வருஷமே மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் வந்துச்சு. 2015 மே மாசம் இங்கே பக்கத்துலயே சதுரகிரியில திடீர்னு வந்த காட்டாத்து வெள்ளத்துல பக்தர்கள் அடிச்சுட்டுப் போகப்பட்டாங்க. அடிவாரத்துல வெயில் அடிச்சுட்டு இருக்கும், மேலே மழை கொட்டும். ஓடையில தண்ணி வர்றது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஓடையில இறங்கி நிக்குறப்போ தண்ணி திடீர்னு கலங்கலா மாறினாலோ, சருகும் குச்சியும் அடிச்சுட்டு வந்தாலோ செருப்பைக்கூடத் தேடாம கரை ஏறிடுங்க.

காட்டுக்குள்ள முறையா நடக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு வழி இருக்கு. 2024 அக்டோபர்ல தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்குச்சு. மாநிலம் முழுக்க 40 பாதைகள், ஆன்லைன் புக்கிங், கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. காட்டுத்தீ சீஸன்லயும் கனமழை நேரத்திலும் பாதைகளை மூடிடுவாங்க. புக் பண்றதுக்கு முன்னாடி அந்த இணையதளத்துல பார்த்துக்கோங்க.

அணிலைப் பார்க்கணுமா? அண்ணாந்து பாருங்க

சரணாலயத்துக்கே பேர் கொடுத்த அந்த அணிலைப் பார்க்க உள்ளே போகணும்னு அவசியமில்லை. அடிவாரத்துல பெரிய புளியமரமும் மாமரமும் அடர்த்தியா இருக்குற ரோட்டோரமா சத்தம் போடாம பத்து நிமிஷம் நின்னு பாருங்க. நம்ம வீட்டு அணில் மாதிரி முதுகுல மூணு கோடு இருக்காது. வாலோட சேர்த்தா கிட்டத்தட்ட ஒரு பூனை அளவு. உடம்புல நரை விழுந்த மாதிரி சாம்பல் நிறம். தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் மட்டும்தான் இது இருக்கு.

இந்த அணில் முடிஞ்சவரை தரையில இறங்காது. மரத்துக்கு மரம் தாவியே போகும். கிளையும் கிளையும் சேர்ற இடத்துல கூடு கட்டும். அப்பதான் ஆபத்து வந்தா எந்தப் பக்கமும் தப்பிச்சு ஓட முடியும். அதனால ரோட்டை அகலப்படுத்த ரெண்டு மரத்தை வெட்டினாக்கூட அதோட பாதை அந்துபோயிடும். அது தரையில இறங்கினா நாய், வாகனம்னு ஆபத்து. அணிலைக் காப்பாத்தணும்னா ஒத்தை மரம் பத்தாது. ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நிக்குற மரங்கள் வேணும். பிஸ்கட், சிப்ஸ் எதுவும் போடாதீங்க ப்ளீஸ். குரங்குக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சாயங்காலம்: அடுப்படியில பால்கோவா

பஸ்ஸோ ஆட்டோவோ பிடிச்சு ஊருக்கு வந்துட்டீங்களா? இப்போ பால்கோவா நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அதாவது, இந்தப் பகுதியில செஞ்சதைத்தான் அந்தப் பேர்ல விக்கலாம். ஆனா, ஹைவே கடையிலும் பஸ் ஸ்டாண்டுகள்லயும் ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ன்னு எழுதின டப்பா எங்கெங்கேயோ செஞ்சு வருது.

அசலை எப்படிக் கண்டுபிடிக்குறது? ரொம்ப சிம்பிள். அடுப்பு தெரியுற கடையில வாங்குங்க. அகலமான இரும்புச் சட்டி, கீழே விறகடுப்பு. பாலை ஊத்தி, நீளமான கரண்டியால அடிபிடிக்காம கிண்டிட்டே இருப்பாங்க. தண்ணி வத்தி கெட்டியாகுறப்போ சர்க்கரை. அவ்வளவுதான். பாலும் சர்க்கரையும் தவிர வேற ஒண்ணும் கிடையாது. ஏலக்காய் வாசம் அடிச்சா, மைதா மாதிரி நாக்குல ஒட்டினா யோசிங்க. நல்ல பால்கோவா லேசா திரிதிரியா, பாலாடை வாசத்தோட இருக்கும். சூடா இருக்குறப்போ வாழையிலைத் துண்டுலயோ காகிதத்துலயோ 50 கிராம் வாங்கி, கடை வாசல்லயே நின்னு சாப்பிட்டுப் பாருங்க. பார்சல் வாங்கினா தயாரிச்ச தேதியைப் பார்த்து வாங்குங்க. பிரிசர்வேட்டிவ் இல்லாத பண்டம், ரொம்ப நாள் தாங்காது.

கையில இன்னும் நேரம் இருந்தா ராஜபாளையம் போய், மொறுமொறுன்னு விருதுநகர் ஸ்டைல் எண்ணெய் பரோட்டாவை சால்னாவுல ஊறவச்சு முடிச்சுட்டு ராத்திரி ரயிலைப் பிடிங்க.

பையில என்ன இருக்கணும்?

* ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, தொப்பி, பிடிமானம் உள்ள ஷூ. செருப்போட வந்தா கருவேல முள்ளுக்குப் பதில் சொல்லணும்.
* மதியச் சாப்பாடு கட்டி எடுத்துட்டு வாங்க. அடிவாரத்துல ஹோட்டல்களை நம்பாதீங்க.
* சில்லறை. தோப்பு வாசல்ல மாம்பழம், இளநீர் வாங்க ஜிபே எப்பவும் கைகொடுக்காது. டவர் கிடைக்காத இடம் உண்டு.
* வீட்டுல ஒருத்தர்கிட்ட எந்த வழியா போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு சொல்லிட்டு வாங்க.
* பளிச் கலர் டிரெஸ், சென்ட், புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். உங்களுக்கு முன்னாடியே யானைக்குத் தெரிஞ்சுடும்.
* ஒரு காலிப் பை. உங்க குப்பையைக் கொண்டுபோக. ஓடையில உடைஞ்சு கிடக்குற பாட்டில் துண்டு, ராத்திரி தண்ணி குடிக்க வர்ற யானையோட கால்ல ஏறும்.
* ட்ரோன் கொண்டுவராதீங்க. காப்பகத்தை ஒட்டிப் பறக்கவிட்டா சிக்கல்தான்.

யானையைப் பார்த்துட்டா?

போனை எடுக்காதீங்க. முதல்ல நில்லுங்க. அது எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து, சத்தமில்லாம பின்னால நகர்ந்து, வந்த வழியே திரும்பிடுங்க. குட்டி தெரிஞ்சா அம்மா பக்கத்துல எங்கேயோ நிக்குதுன்னு அர்த்தம். விரட்டுறது, கல்லெறியுறது, ஃபிளாஷ் அடிக்குறது எதுவும் கூடாது. அடுத்து வர்ற தோப்புல ஆள் இருந்தா உடனே சொல்லிடுங்க. அவங்களுக்கு அந்தத் தகவல் ஒரு ராத்திரித் தூக்கத்தைவிடப் பெருசு.

கடைசியா ஒரு கணக்கு: சாயங்காலம் 4 மணிக்கு நீங்க தார் ரோட்டுல இருக்கணும். 5 மணிக்குப் பால்கோவா கடையில. இந்த ரெண்டையும் சரியா பண்ணிட்டா, உங்களை மறிச்சு அனுப்ப எந்தத் தாத்தாவும் கட்டில்லருந்து எழுந்து வர வேண்டியதில்லை.

போயிட்டு வந்து, சப்பட்டையா பஞ்சவர்ணமா, உங்க ஓட்டு எதுக்குன்னு கமென்ட்ல சொல்லுங்க!